மேனேஜர்கிட்ட சொல்லலாமா, வீட்ல சொல்லலாமா? மனநலம் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். லேத் ஓட்டுகிறவரும் சரி, மேல்மாடியில் ஏ.சி.யில் உட்கார்ந்து டிசைன் போடுகிறவரும் சரி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். லீவ் பேலன்ஸ் கேட்க வந்ததுபோல ஆரம்பித்து, எழுந்து போகும்போது "அப்புறம் ஒண்ணுங்க…" என்று இழுப்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அவர்களிடம் போக வேண்டிய இடங்களில் போகச் சொல்லியிருக்கிறேன்.

டென்ஷன் யாருக்குத்தான் இல்லை? எதுக்கு மேல போனா டாக்டரைப் பாக்கணும்?

மாதக் கடைசி டார்கெட், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், அம்மா ஆஸ்பத்திரியில். இப்படி ஒரு வாரம் தூக்கம் கெட்டால் அது நோய் இல்லை. காரணம் தீர்ந்தால் அதுவும் தீரும். மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பொதுவாகப் பார்க்கும் கணக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் பெரும்பாலான நேரம் மனசு சோர்ந்தே கிடக்கிறது, பிடித்த விஷயம் எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ மாறிப்போச்சு, வேலை அடிவாங்குகிறது என்றால் காட்டிவிடுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது.

நம் ஊரில் இது பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் தலைகாட்டும். நெஞ்சு படபடப்பு, வயிற்று எரிச்சல், தலை பாரம், கை நடுக்கம். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து "ஹார்ட்ல ஒண்ணும் இல்லை" என்று திருப்பி அனுப்பிய பிறகும் படபடப்பு நிற்காதவர்கள் நிறையப் பேர். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை மூன்றுமே மனச்சோர்வு போல வேஷம் போடும். அதனால் மனநல மருத்துவர் முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், அவர் சரியாகத்தான் பார்க்கிறார்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்னு ஆளாளுக்கு சொல்றாங்க. நான் யார்கிட்ட போறது? செலவு தாங்குமா?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாக, பயிற்சி வழியாகச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டுகிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, வார இறுதிக் கோர்ஸ் முடித்தவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் அங்கேயே இலவசம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நான்கு மாவட்டங்களில் மட்டும் தொடங்கியபோது அதில் ஒன்று நம்ம திருச்சி. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை.

மேனேஜர்கிட்ட சொல்லியே ஆகோணுங்களா?

இல்லை. உங்களுக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று ஆபீஸில் அறிவிக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. கனரக இயந்திரம், கிரேன், டிரைவிங் மாதிரி வேலைகள்தான் விதிவிலக்கு. மருந்து தூக்கத்தைக் கொடுத்தால் உங்கள் கைக்கும் பக்கத்தில் நிற்பவர் கைக்கும் ஆபத்து. அங்கேயும் நோயின் பெயர் தேவையில்லை. "தூக்கம் வர்ற மருந்து எடுக்கறேன், கொஞ்ச நாள் மெஷின் வேண்டாம்" என்பது போதும்.

வெளிப்படையாகப் பேசுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். சரிதான். ஆனால் வெளிப்படையாக என்றால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டுவது என்று யார் சொன்னது? யாரிடம், எவ்வளவு, எப்போது என்பது உங்கள் முடிவு. எனக்குத் தெரிந்து சொல்வதற்கு ஒரே நல்ல காரணம், சொன்னால் ஏதாவது மாறும் என்பதுதான். ஷிஃப்ட் மாற வேண்டும், லீவ் வேண்டும், ஒரு பொறுப்பைக் கொஞ்ச நாள் இறக்கிவைக்க வேண்டும். அப்படி எதுவும் தேவைப்படாவிட்டால், நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொன்னால் போதும், மேனேஜர் காத்திருக்கலாம்.

சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டேன். வார்த்தைதான் வர மாட்டேங்குது. எப்படி ஆரம்பிக்கறது?

நோயின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் கம்பெனியில் ஒரு தரக் கட்டுப்பாட்டு ஊழியர் தன் மேலதிகாரியிடம் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஒரு மாசமா தூக்கமே இல்லை. டாக்டரைப் பாத்துட்டேன், மருந்து ஆரம்பிச்சாச்சு. சரியாக நாள் ஆகும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் சார். மத்த வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்." என்ன நடக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறார், என்ன வேண்டும், எதுவரைக்கும் என்று எல்லாம் அதில் வந்துவிட்டது. மேலதிகாரி கேட்ட ஒரே கேள்வி, "எந்தத் தேதியில இருந்து மாத்தட்டும்?"

நேரமும் முக்கியம். ஆடிட் நடக்கும் காலையிலோ, லைன் நின்றுபோன மதியமோ வேண்டாம். "ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசணும்" என்று முன்கூட்டியே கேளுங்கள். பேசி முடித்த அன்றே, "இன்று பேசியபடி இந்தத் தேதி முதல் பகல் ஷிஃப்ட்" என்று இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். மேலதிகாரி மாறினால் வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும், மெயில் நிற்கும். "என்ன பிரச்சினை, லவ் ஃபெயிலியரா?" என்று தோண்டினால், "டாக்டர் பாத்துட்டு இருக்காங்க சார்" என்பது முழுமையான பதில். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜரை விட ஹெச்.ஆர்.கிட்ட சொல்றது பாதுகாப்பா?

நானே ஹெச்.ஆர். என்பதால் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. உதவ மனசிருக்கும் ஹெச்.ஆர். ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் நாங்கள் உங்கள் ரகசியத்தைக் காக்கும் டாக்டர் இல்லை. லீவ், ஷிஃப்ட், இன்ஷூரன்ஸ் மாதிரி நாங்கள் செய்யக்கூடிய வேலைக்கு எங்களிடம் வாருங்கள். மனசைத் திறக்க வேறு ஆளைத் தேடுங்கள்.

கம்பெனியே கவுன்சலிங் நம்பர் குடுத்திருக்கு. அங்க பேசினா எல்லாம் மேல போயிடுமா?

பொதுவாகப் போகாது. வெளி நிறுவனம் நடத்தும் சேவையாக இருந்தால், இந்த மாதம் இத்தனை பேர் பேசினார்கள் என்ற எண்ணிக்கைதான் கம்பெனிக்கு வரும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவும் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில நிலைகளில் மட்டும் அதை உடைக்கலாம்.

இருந்தாலும் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: நான் பேசுவது எங்கே பதிவாகிறது, கம்பெனிக்கு என்ன போகும்? ஆபீஸ் மெயிலிலிருந்தும் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்தும் பதிவு செய்யாதீர்கள்; சொந்த போன் இருக்கிறது. சில கம்பெனிகளில் ஆபீஸுக்குள்ளேயே ஒரு கவுன்சலர் உட்கார்ந்திருப்பார், அவர் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவ் லெட்டர்ல என்னன்னு எழுதறது? 'வைரல் ஃபீவர்'னு போட்டா போச்சுல்ல?

ஒரு நாள் இரண்டு நாளுக்கு 'உடல்நலக் குறைவு' போதும், அது பொய்யும் இல்லை. காய்ச்சல் என்று எழுதாதீர்கள். பத்து நாள் கழித்து மனநல மருத்துவரின் சான்றிதழ் கொடுக்க நேர்ந்தால் இரண்டும் ஒட்டாது, அப்புறம் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். சான்றிதழில் நோயின் பெயர் விரிவாக வேண்டாம், 'சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை' என்று எழுத முடியுமா என டாக்டரிடமே கேட்கலாம்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் விடுப்பு சம்பளத்தோடு உண்டு. மனசுக்கு வந்த நோய்க்கு அது செல்லாது என்று எங்கேயும் இல்லை. இ.எஸ்.ஐ.யில் இருந்தால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். இந்த 91 நாள் விஷயம் ஃப்ளோரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மயக்கத்தோடு வேலைக்கு வந்து விரலைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசு பூரா விட முடியாதாமே?

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகள் போதையாகிப் பிடித்துக்கொள்ளும் வகை இல்லை. வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரலாம். பலர் விட்டுவிடுவது அந்த வாரத்தில்தான். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், சரியான பிறகு பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். சிலருக்கு, சில நோய்களுக்கு, நீண்ட காலம் தேவைப்படுவது உண்மை.

பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை வேறு: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலாம், குளோனாசெபாம் வகை. அவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர் தெரிந்தவர் என்பதற்காகப் பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

வீட்ல எப்படிச் சொல்றது? அப்பா "சோத்துக்கு இல்லாதப்பக்கூட நாங்க இப்படி உக்காரலை"ன்னுதான் சொல்வார்.

சொல்வார். அவரோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். தூக்கம், பசி, எடை என்று கண்ணுக்குத் தெரிவதில் ஆரம்பியுங்கள். "மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கறேன்" என்பது அவருக்குப் புரியும். வீட்டில் முதலில் சொல்ல வேண்டியவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அக்கா, சித்தி, மாமா என்று காது கொடுக்கும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் மூலமாகப் போவது நம் ஊரில் கல்யாணத்துக்கே நடக்கும் வழிதானே.

இரண்டாவது தடவை டாக்டரைப் பார்க்கும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள். என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மகன் சொல்லிக் கேட்காததை, கோட்டு போட்டவர் சொன்னால் கேட்கும் அப்பாக்கள் ஏராளம்.

டாக்டர் வேண்டாம், மந்திரிச்சுத் தாயத்து கட்டினாப் போதும்னு அத்தை ஒத்தைக் கால்ல நிக்கறாங்க…

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகட்டும், மருந்தும் தொடரட்டும். ஒன்றுக்கு ஒன்று எதிரி ஆக்கினால் தோற்பது மருந்துதான். ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பிரார்த்தனைக்குப் பக்கத்தில் சிகிச்சை தரும் ஏற்பாடு நடந்திருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. அத்தையிடம் சட்டம் பேச வேண்டாம், அந்த நெருப்பைச் சொல்லுங்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

கூட வேலை பாக்கறவர் ரொம்ப டல்லா இருக்கார். கேட்டா தப்பா எடுத்துக்குவாரோ?

கேட்காமல் இருப்பதைத்தான் ஆட்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடறீங்க. தூங்கறீங்களா?" எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, டீக்கடைக்கு நடந்துபோகும்போதோ பைக்கில் இறக்கிவிடும்போதோ கேட்டால் நன்றாக வேலை செய்யும். கண்ணைப் பார்க்காமல் பேச முடிகிறது பாருங்கள். முதல் தடவை "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் வரும். சரி என்று விட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

அவர் பேச ஆரம்பித்தால் நீங்கள் பேசாதீர்கள். "உனக்கென்னப்பா குறை, சொந்த வீடு இருக்கு", "என் மச்சானுக்கு இதைவிட மோசம்", "யோகா பண்ணு", "ஒரு கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" எல்லாமே பேச்சை மூடும் கதவுகள். "ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும். டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டுமா?" என்பது போதும். அந்த 'நானும் கூட வரட்டுமா'வில்தான் பலர் எழுந்து கிளம்பியிருக்கிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க ஒரு ஆள் இருந்தால் அந்தப் பெஞ்சில் உட்காருவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

பேச்சுவாக்குல "செத்துட்டா நல்லாருக்கும்"னு சொல்றார். சும்மா சொல்றாரா, நிஜமா? கேட்டா நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. மாறாக, சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைப்பு வருதா?" என்று அந்த வார்த்தையைப் போட்டே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தெரியப்படுத்துங்கள், 14416-ஐ அவரோடு சேர்ந்து கூப்பிடுங்கள். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா அமைப்பையும் 044-24640050-ல் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்கள் இன்றும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-வது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இ.பி.கோ. 309-ம் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இல்லை.

நான் டீம் லீடர். ஒருத்தர் மூணு மாசமா இதைச் சொல்லியே வேலையைத் தள்றார். மத்தவங்க முணுமுணுக்கறாங்க. நிஜமா, சாக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, உங்களால் முடியவும் முடியாது. நோயை டாக்டரிடம் விட்டுவிட்டு வேலையை நீங்கள் பேசுங்கள். மேலே 'எப்படி ஆரம்பிக்கறது' கேள்வியில் அந்த ஊழியர் கேட்டது நினைவிருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு மாற்றம், அதுவும் சரியாகும் வரைக்கும் மட்டும். உங்கள் ஆளிடமும் அதையே கேளுங்கள்: எந்த வேலை முடிகிறது, எது முடியவில்லை, எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம்? தேதி இல்லாத சலுகைதான் கடைசியில் கசப்பாக முடிகிறது.

மற்றவர்களிடம் காரணம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. "அவருக்கு நான் சம்மதிச்சுக் குடுத்த ஏற்பாடு. உங்களுக்கு ஒரு நாள் தேவைப்பட்டா உங்களுக்கும் கிடைக்கும்" என்று முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர் தள்ளிய வேலை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். முணுமுணுப்பு பெரும்பாலும் நோயாளி மேல் வருவதில்லை. அவர் பங்கையும் சேர்த்துச் செய்கிறவருக்கு யாரும் ஆள் கொடுக்காததால் வருவது.

சொன்னதுக்கு அப்புறம் வேலையை விட்டுத் தூக்கிட்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பணிக்காலத்தில் அந்த நிலைக்கு வந்த அரசு ஊழியரை அதற்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-வது பிரிவு. தனியார் நிறுவனத்துக்கு இந்த அளவு இறுக்கமான பாதுகாப்பு இல்லை. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 21-வது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இன்னொன்று, சில மாதத்தில் சரியாகும் மனச்சோர்வு எல்லாம் சட்டம் சொல்லும் 'மாற்றுத்திறன்' கணக்கில் வராது.

தனியாரில் "நீ மனநோயாளி, போ" என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். 'பெர்ஃபாமன்ஸ் சரியில்லை' என்றுதான் வரும். அதனால்தான் மேலே சொன்ன இரண்டு வரி மெயில், டாக்டர் சீட்டுகள், பழைய அப்ரைசல் எல்லாம் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் கேட்டு வாங்கி, தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல மறைச்சுடலாமா?

மறைத்தால் பின்னால் க்ளெய்ம் நிராகரிக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 21-வது பிரிவு. ஆனால் பல பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். மாதாமாதம் டாக்டர் ஃபீஸும் கவுன்சலிங்கும் ஓ.பி. கணக்கு, பெரும்பாலும் வராது. கம்பெனி குரூப் பாலிசியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணப் பேச்சு நடக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி ட்ரீட்மென்ட் எடுத்தேன். சொல்லணுமா? அம்மா வேண்டவே வேண்டாம்ங்கறாங்க.

அம்மாவின் பயம் வெறும் கற்பனை இல்லை, நின்றுபோன சம்பந்தங்களை அவர்களும் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் சொல்லுங்கள் என்பதே என் கட்சி. தரகரிடமோ, முதல் நாள் பஜ்ஜி சாப்பிட வந்த பத்துப் பேரிடமோ இல்லை. பேச்சு உறுதியாகும் கட்டத்தில், நிச்சயத்துக்கு முன்னால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நேரில். தொடர்ந்து மருந்து எடுக்கிறீர்கள் என்றால் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஒரே வீட்டில் மாத்திரை டப்பாவை எத்தனை நாள் ஒளிப்பீர்கள்?

இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவில், முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியது திருமணத்தை ரத்து செய்யக் கேட்க ஒரு காரணம். எந்தச் சிகிச்சை 'முக்கியமான விஷயம்' என்பதை வழக்கைப் பொறுத்துக் கோர்ட் பார்க்கும். அதேசமயம், நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து கிடைத்துவிடாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மேனேஜரை நம்பிச் சொன்னேன். ரெண்டே நாள்ல கேண்டீன் பூரா தெரிஞ்சிருக்கு. இனிமே எப்படி முகத்தைக் காட்டறது?

கோபம் நியாயம். முன்பு சொன்ன 23-வது பிரிவு மருத்துவத் துறையினரைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும், மேனேஜரை இல்லை. ஆனால் ஊழியரின் மருத்துவ விவரத்தைப் பரப்புவது பெரும்பாலான கம்பெனிகளின் நடத்தை விதிப்படி தப்பு. யாரிடம் எப்போது சொன்னீர்கள், யார் மூலம் திரும்பி வந்தது என்று தேதியோடு எழுதி, அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஹெச்.ஆர்.க்கும் அனுப்புங்கள். இந்த வேலைக்கு ஹெச்.ஆர். சரியான இடம்.

கேண்டீனுக்கு ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஆமாங்க, ட்ரீட்மென்ட்ல இருக்கேன், இப்பத் தேவலை. அந்த அஞ்சாம் நம்பர் மெஷின் ரிப்போர்ட் வந்துச்சா?" மறுத்தால் பேச்சு இன்னும் ஒரு மாதம் ஓடும். ஒப்புக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனால் தோண்டுகிறவருக்குச் சுவாரசியம் போய்விடும். இப்படிச் சொல்லிவிட்டு வந்த ஒருவரிடம் அதற்கடுத்த வாரம் வேறு செக்‌ஷன்காரர் பார்க்கிங்கில் நிறுத்திக் கேட்டாராம், "எந்த டாக்டருங்க?"